தினமும் வருகிற ஆள்

ஜிம்முக்குப் பணம் கட்டிவிட்டுப் போகாமல் விட்டவர்களின் புலம்பல் ஊரெல்லாம் கேட்கிறது. என் வீட்டிலேயே அப்படி ஒருவர் இருக்கிறார், அவர் கதையைப் பிறகு சொல்கிறேன். என் கதை அதற்கு நேர் எதிர். நான் போனேன். மாதம் இருபத்திரண்டு இருபத்துமூன்று நாள், ஒன்பது மாதம் விடாமல் போனேன். அங்கே எனக்கு வந்த மனக்கசப்பு முழுக்க அப்படிப் போனதால் வந்தது.

நான் கோவை கணபதியில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் ஓட்டுகிற சிஎன்சி லேத் இரண்டு, கையால் ஓட்டுகிற பழைய சென்டர் லேத் ஒன்று, ஒரு டிரில்லிங் மெஷின், ஆறு ஆட்கள். பம்பு கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். பத்தொன்பது வயதில் லேத்தில் கடைகிற டர்னராகச் சேர்ந்தபோது நாள் முழுக்க நின்றே வேலை செய்தேன். சொந்தப் பட்டறை வந்ததும் உட்கார்ந்த வேலை. கொட்டேஷன், ஜிஎஸ்டி, வசூலுக்குப் போன். 2024 நவம்பரில் ரத்தப் பரிசோதனை செய்தபோது மூன்று மாதச் சராசரி சர்க்கரையைச் சொல்கிற ஹெச்பிஏ1சி 6.3 என்று வந்தது. 5.7-இல் இருந்து 6.4 வரை சர்க்கரை வாசலில் நிற்கிறது என்று அர்த்தம், 6.5 தொட்டால் வீட்டுக்குள் வந்துவிட்டது. டாக்டர் மாத்திரை எழுதவில்லை. "நடைப்பயிற்சி மட்டும் போதாதுங்க, வெயிட்டும் தூக்கோணும்" என்றார். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அதோடு இரண்டு நாளாவது தசைகளுக்கான பயிற்சி என்பதுதான் உலக சுகாதார அமைப்பு சொல்கிற அளவு. அதைத்தான் அவர் பேச்சுவழக்கில் சொன்னார் என்று பிறகு தெரிந்தது.

நடை எனக்குப் புதிதில்லை. ரேஸ்கோர்ஸை ஒரு சுற்று சுற்றினால் ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர், மர நிழல், பைசா செலவில்லை. ஆனால் ஜூன் பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வந்துவிடும். சாரலில் ரெண்டு நாள் நின்ற நடை ரெண்டு மாதம் நின்றுவிடும். 2024-இல் அப்படித்தான் நின்றது. ஆகவே கூரைக்குக் கீழே ஓரிடம் வேண்டும் என்று நினைத்ததில் தவறில்லை. அந்தக் கூரை அவிநாசி சாலையில் கண்ணாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்ததில்தான் கொஞ்சம் வீம்பு இருந்தது. எங்கள் தெருமுனையிலேயே ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஜிம் இருக்கிறது. அனுமார் படம், துருப்பிடித்த தம்பிள்ஸ், மாதம் 700 ரூபாய். பட்டறையில்தான் நாள் முழுக்கத் துருவும் கிரீஸும், பயிற்சிக்குமா என்று தோன்றியது.

2025 ஜனவரி 6-ஆம் தேதி. வெளியே மேம்பால வேலைக்காகச் சாலையின் பாதியை அடைத்து வைத்திருந்தார்கள். உள்ளே ஏசி, எலுமிச்சைப்புல் வாசனை. விற்பனைக்கு இருந்த பெண் காட்டிய விலைப்பட்டியலில் 72,000 என்று போட்டுச் சிவப்பில் அடித்திருந்தது. பக்கத்தில் 42,000. "இன்னைக்கு ஈவினிங் வரைக்கும்தான் சார் இந்த ஆஃபர்." நான் இருபது வருடம் கொட்டேஷன் போட்டவன். அடித்த விலை என்பது அடிப்பதற்காகவே எழுதப்படுகிற விலை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கட்டினேன். கூட வந்த என் மச்சினனும் கட்டினான். வரி 18 சதவீதம் சேர்த்து ஆளுக்கு 49,560 ரூபாய். பில்லில் கம்பெனி ஜிஎஸ்டி எண்ணைப் போடச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பயனில்லை. ஜிம், கிளப் உறுப்பினர் கட்டணத்துக்கெல்லாம் உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது நாம் கட்டிய வரியை, திரும்ப எடுக்க முடியாது என்று சட்டத்திலேயே அடைத்து வைத்திருக்கிறார்கள். ஆடிட்டரிடம் ஏற்கெனவே ஒருமுறை இதே ஆசையில் திட்டு வாங்கியிருக்கிறேன்.

முதல் நாள் ஒரு மெஷின் மேல் வெறுங்காலோடு ஏற்றி நிறுத்தினார்கள். கையில் இரண்டு பிடி. ஒரு நிமிடத்தில் காகிதம் வந்தது: கொழுப்பு இத்தனை சதவீதம், தசை இத்தனை கிலோ, கீழே பெரிய எழுத்தில் "உடல் வயது 54". எனக்கு அப்போது 47. மேனேஜர் முகத்தைத் துக்க வீட்டுக்கு வந்தவர்போல வைத்துக்கொண்டு, "ஏழு வருஷம் அதிகம் காட்டுது சார். பர்சனல் டிரெய்னிங் எடுத்தா மூணு மாசத்துல இறக்கிடலாம்" என்றார்.

அந்த மெஷின் கொழுப்பை அளப்பதில்லை. உடம்புக்குள் மிகச் சிறிய மின்னோட்டத்தை விட்டு, எவ்வளவு தடை இருக்கிறது என்று பார்க்கிறது. தண்ணீர் நிறைந்த தசை மின்சாரத்தைச் சுலபமாகக் கடத்தும், கொழுப்பு தடுக்கும். கிடைத்த தடையோடு வயது, உயரம், எடை, ஆணா பெண்ணா என்பதையெல்லாம் ஒரு சூத்திரத்தில் போட்டு மீதியைக் கணக்காகச் சொல்கிறது. அதனால் தண்ணீர் குடித்திருந்தாலும், வியர்த்திருந்தாலும், சாப்பிட்டு வந்திருந்தாலும் எண் மாறும். இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஆனால் மைக்ரோமீட்டர் பிடித்துப் பழகிய கை. ஒரே பீஸை மூன்று தடவை அளந்து மூன்றும் ஒன்றாக வந்தால்தான் அந்த அளவை நம்புவோம். "இன்னொருக்கா ஏறிப் பாத்துக்கட்டுங்களா?" என்று கேட்டேன். அவருக்குப் பிடிக்கவில்லை. முக்கால் மணி நேரம் டிரெட்மில்லில் நடந்து, ஒரு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு, யாரும் பார்க்காதபோது ஏறினேன். உடல் வயது 51. ஒரே காலையில் மூன்று வயது குறைந்துவிட்டது!

சிரித்துக்கொண்டே பர்சனல் டிரெய்னிங்கும் எடுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 36 வகுப்புக்கு 27,000, வரியோடு 31,860. கடைசிவரை நான் வருத்தப்படாத செலவு அது ஒன்றுதான். பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன், இருபத்தாறு வயது இருக்கும். முதல் வாரம் முழுக்க எடையே தூக்க விடவில்லை. வெறும் கம்பியை வைத்துக் குனிந்து நிமிரச் சொன்னான். "முதுகு நேரா இருக்கோணும், இடுப்புல இருந்து மடங்கோணும் சார்." லேத்துக்குச் சென்டர் பார்ப்பது மாதிரி என் முதுகைப் பார்த்தான். நாலு வருடமாக மாடி ஏறும்போது முனகிக்கொண்டிருந்த என் முழங்கால், மார்ச் மாதம் முனகுவதை நிறுத்தியது.

உள்ளே இருக்கும்போது அவன் எப்போதும் "சார்" என்பான். ஒருநாள் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் "அண்ணா, பாத்துப் போங்ணா" என்றான். என்னடா இது என்று கேட்டேன். "உள்ள அண்ணான்னு சொன்னா ஃபைனுங்ணா. பிரீமியம் பிராண்டாமா." நான் வகுப்புக்குக் கொடுக்கிற 750-இல் அவன் கைக்கு எவ்வளவு வருகிறது என்று அதே இடத்தில்தான் கேட்டேன். நூற்றுக்கு இருபது. அதாவது 150 ரூபாய். மீதி 600 எதற்கு என்று அவனும் கேட்கவில்லை, நானும் அவனைக் கேட்டுப் பிரயோஜனமில்லை.

ஜனவரி இருபதாம் தேதி வாக்கில் மேலிருந்து கம்பியைக் கீழே இழுக்கிற லாட் புல்டவுன் மெஷின்களில் மூன்றாவதன் மேல் புல்லி கத்த ஆரம்பித்தது. கம்பியை இழுக்கும்போது ஒன்றும் இருக்காது, விடும்போது 'கிரீச்' என்று ஒரு சத்தம். பேரிங் போய்விட்டது. எங்கள் தொழிலில் இருப்பவனுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது, பல்வலி மாதிரி. எட்டிப் பார்த்தேன், பேரிங் எண் 6203. உள் துளை 17 மில்லி, வெளி விட்டம் 40, அகலம் 12. காந்திபுரத்தில் எந்த பேரிங் கடையிலும் இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பேரிங்கைப் பிடித்திருக்கிற சர்க்லிப் வளையத்தைக் கழற்றி மாற்றப் பத்து நிமிடம். மேனேஜரிடம் சொன்னேன். "கம்பெனி சர்வீஸ் ஆள்தான் சார் வரணும், ஆர்டர் போட்டாச்சு." நானே மாற்றித் தருகிறேன் என்றேன். பதறிவிட்டார். யோசித்தால் அவர் பதறியதில் நியாயம் உண்டு. உறுப்பினர் ஒருவர் மெஷினைக் கழற்றி, நாளைக்கு அது யார் தலையிலாவது விழுந்தால் யார் பொறுப்பு? சரி என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரியில் கத்தியது. மார்ச்சில் கத்தியது. ஏப்ரலில் அந்தச் சத்தத்தை அமுக்க ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டினார்களோ என்று எனக்கொரு சந்தேகம் வந்தது. மே மாதம் பக்கத்து மெஷினில் கேபிளின் நைலான் உறை விரிந்து உள்ளே எஃகு இழை தெரிந்தது. இது விளையாட்டில்லை. இரும்புக் கயிறு ஒரே தடவையில் அறுவதில்லை, ஒவ்வொரு இழையாகத் தெறித்து வந்து கடைசியில் மொத்தமாகப் போகும். கீழே உட்கார்ந்திருப்பவர் அறுபது கிலோவை இழுத்துக்கொண்டிருப்பார். செயலியில் புகார் போட்டேன், போட்டோவோடு. மறுநாள் 'தீர்க்கப்பட்டது' என்று பதில். போய்ப் பார்த்தால் உறை விரிந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. ஒயரிங்காரன் சுற்றுகிற அதே டேப். அன்றைக்கு நான் கொஞ்சம் சத்தம் போட்டேன். மெஷினைக் கயிறு கட்டி ஒதுக்கினார்கள். செப்டம்பர் வரை அது கயிறு கட்டியே கிடந்தது.

மற்ற குறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லா ஊரிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சேரும்போது இரண்டு துண்டு தந்தார்கள், பிறகு ஒன்று, பிறகு "டவல் கொண்டு வாங்க சார்". நீராவி அறைக் கதவில் ஏப்ரலில் ஒட்டிய 'பராமரிப்பில் உள்ளது' காகிதம் நான் வெளியேறும்வரை உரியாமல் இருந்தது. நல்ல பசை. பன்னிரண்டு டிரெட்மில்லில் நாலு எப்போதும் படுத்திருக்கும், எந்த நாலு என்பது மட்டும் மாறும். காலை ஐந்தரைக்குத் திறப்பது ஆறாகியது.

எனக்கு விஷயம் புரிய வைத்தது துண்டோ நீராவியோ இல்லை, உறுப்பினர் எண். என் அட்டையில் 1137, மச்சினனுக்கு 1138. பட்டறைக்காரனுக்கு வரிசை எண்ணைப் பார்த்தால் உற்பத்தியைக் கணக்குப் போடத் தோன்றும். ஆகஸ்டில் லாக்கர் பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவரின் அட்டையைப் பார்த்தேன்: 2016. ஏழு மாதத்தில் 879 பேர். பழையவர்களில் பலர் விலகியிருப்பார்கள், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் லாக்கர் மொத்தம் 84. எடையோடு உட்கார்ந்து எழுகிற ஸ்க்வாட் ரேக் மூன்று. இதற்கு எத்தனை பேரைச் சேர்ப்பார்கள்? ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன். விற்பனைப் பெண் சிரித்தாள். "எல்லாரும் வர மாட்டாங்க சார்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு வாக்கியத்தில் அந்தத் தொழில் முழுக்க இருக்கிறது.

என் பட்டறையில் ஒரு சிஎன்சி அரை நாள் நின்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பேங்க் வட்டி நிற்காது, வாடகை நிற்காது, மெஷின் மட்டும் நிற்கும். அதனால்தான் நாங்கள் மெஷினுக்கு மணிக்கணக்கில் விலை வைத்திருக்கிறோம். மணிக்கு 350 ரூபாய் என்றால், ஓடிய மணிக்குத்தான் காசு. பார்ட்டி டிராயிங்கைக் கொடுத்துவிட்டுப் பீஸே அனுப்பவில்லையென்றால் நாங்கள் பில் போட முடியாது. ஜிம்காரர் கணக்கு இதைத் தலைகீழாகக் கவிழ்த்தது. அவருக்குக் காசு முதலிலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகு மெஷின் ஓடுகிற ஒவ்வொரு மணியும் அவருக்குச் செலவு. கரண்டு, ஏசி, தேய்மானம், துண்டு துவைக்கிற கூலி. மெஷின் நின்றால் லாபம். அப்படியிருக்க 6203 பேரிங்கை எதற்கு அவசரமாக மாற்ற வேண்டும்?

இதை நான் பெரிய கண்டுபிடிப்பாக நினைத்துக்கொண்டு, சென்னையில் பொருளாதாரம் படிக்கிற மகளிடம் போனில் சொன்னேன். "அப்பா, இது 2006-லயே எழுதியாச்சு" என்று ஒரு கட்டுரையை அனுப்பினாள். ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிகே மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்காவில் மூன்று ஹெல்த் கிளப்களின் 7,752 உறுப்பினர்களை மூன்று வருடம் பார்த்து எழுதியது. மாதாமாதம் 70 டாலருக்கு மேல் கட்டுகிற திட்டத்தை எடுத்தவர்கள் சராசரியாக மாதம் 4.3 தடவைதான் போயிருக்கிறார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுகிறது. அதே கிளப்பில் பத்துத் தடவைக்கு 100 டாலர் என்று சீட்டு வாங்கியிருந்தால் பத்து டாலரில் முடிந்திருக்கும். நாளைய நான் இன்றைய என்னைவிட ஒழுங்கானவனாக இருப்பேன் என்ற நம்பிக்கைக்கு ஜனங்கள் கொடுக்கிற விலை அது.

மச்சினனிடம் இதைப் படித்துக் காட்டினேன். அவன் போனது மொத்தம் பதினோரு நாள். 49,560-ஐ 11-ஆல் வகுத்தால் தடவைக்கு 4,505 ரூபாய். "மாமா, அந்தக் காசுக்கு ஊட்டியில ரூம் போட்டு மூச்சு வாங்கியிருப்பேன்" என்றான். என் கணக்கு 203 நாள், நாளைக்கு 244 ரூபாய். அப்படிப் பார்த்தால் நான் லாபத்தில் இருந்தேன். ஏசியும் பாட்டும் குளியலும் 244 ரூபாய்க்கு அவிநாசி சாலையில் வேறு எங்கே கிடைக்கும்? ஆனால் அந்த லாபத்தை எனக்குக் கொடுத்தது ஜிம் இல்லை, மச்சினன். அவனைப் போன்ற நூற்றுக்கணக்கானவர்கள் கட்டிவிட்டு வராமல் இருந்த பணத்தில்தான் நான் தினமும் குளித்தேன். இது தெரிந்த பிறகு புகார் எழுதும்போதெல்லாம் உள்ளே ஒரு சின்னக் கூச்சம் இருந்தது. பந்தியில் ஐந்து பேர் இலையைத் தின்றவன் சாம்பாரில் உப்பில்லை என்று சொல்வது மாதிரி.

கூச்சத்தையும் மீறி ஒன்று உண்டு. பிரீமியம் என்று எனக்கு விற்றது இடம். கூட்டமில்லாத இடம், காத்திருக்க வேண்டாத மெஷின். அதே இடத்தைத்தான் அடுத்து வந்த 879 பேருக்கும் விற்றார்கள். ஜனவரியில் நான் பார்த்த காலி ஹால் ஒரு மாதிரிப் பொருள், சாம்பிள் பீஸ். சாம்பிளைக் காட்டி ஆர்டர் வாங்கிவிட்டு லாட்டில் வேறு சரக்கு அனுப்பினால் எங்கள் தொழிலில் அதற்குப் பெயரே வேறு. மொத்த லாட்டும் திரும்பி வரும், லாரி வாடகையும் நம் தலையில்.

செப்டம்பர் 22-ஆம் தேதி ஜிம்களுக்கான ஜிஎஸ்டி 18-இலிருந்து 5 ஆனது. வாசலில் பெரிய பேனர்: 'வரிக் குறைப்பின் பலன் உங்களுக்கே!' அடுத்த வருடத்துக்கு இப்போதே புதுப்பித்தால் எவ்வளவு என்று கேட்டேன். அடிப்படைக் கட்டணம் 47,000 ஆகியிருந்தது. ஐந்து சதவீதம் சேர்த்து 49,350. போன தடவை கட்டியது 49,560. பலன் 210 ரூபாய். இதில் மேனேஜரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐந்து சதவீதம் என்பது உள்ளீட்டு வரி இல்லாத ஐந்து. முன்பு அவர்கள் வாடகைக்கும் மெஷினுக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொண்டார்கள், இப்போது அது அவர்கள் செலவில் சேர்ந்துவிட்டது. நானாக இருந்தாலும் விலையைக் கொஞ்சம் ஏற்றியிருப்பேன். பேனர் மட்டும் வைத்திருக்க மாட்டேன்.

பேனர் வந்த வாரத்திலேயே இன்னொன்றும் வந்தது. அக்டோபர் 1 முதல் காலை ஆறிலிருந்து எட்டும் மாலை ஆறிலிருந்து ஒன்பதும் 'பீக் அவர்'. அந்த நேரத்தில் வர 'பிளாட்டினம்' அட்டை வேண்டும், மாதம் 1,500 கூடுதல். நான் 'கோல்டு'. கோல்டுக்கு மேலே ஒன்று இருக்கிறது என்று சேரும்போது யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் அப்போது அது இல்லை. என் நேரம் ஆறிலிருந்து ஏழேகால். ஏழரைக்குப் பட்டறையைத் திறக்க வேண்டும். பதினொரு மணிக்கு ஜிம்முக்குப் போகிற பட்டறைக்காரனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

மேனேஜர் மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க டெய்லி வர்ற ஆள் சார். உங்களுக்குத்தான் இது ரொம்ப வொர்த்." தினமும் வருகிற ஆள். அந்தப் பேச்சில் என்னை ஒரு தேய்மானச் செலவாக அவர் எப்போதோ கணக்கில் எழுதிவிட்டது தெரிந்தது. பாக்கி மூன்று மாதப் பணத்தைத் திருப்பித் தாருங்கள், நான் போய்விடுகிறேன் என்றேன். ஒப்பந்தத்தில் பதினான்காவது விதியைக் காட்டினார். கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது. வேண்டுமானால் வேறொருவருக்கு மாற்றலாம், மாற்றுக் கட்டணம் 3,000, வரி தனி. சேவை நேரங்களை மாற்ற நிர்வாகத்துக்கு முழு உரிமை உண்டு என்பது பதினாறாவது விதி. இரண்டிலும் என் கையெழுத்து இருந்தது. மேஜையில் டேப்லெட்டில் விரலால் போட்ட கையெழுத்து, என் பெயருக்கே அது தன் பெயரென்று தெரியாது.

இரவு உட்கார்ந்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 2019-இல் வந்து 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம். நுகர்வோர் தலையில் நியாயமில்லாத நிபந்தனையைச் சுமத்துகிற ஒப்பந்தத்தை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று அது தனியாகவே வரையறுக்கிறது. குறைபாடான சேவையை நிறுத்திக்கொண்டு, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் முப்பது நாளுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. இப்படிப்பட்ட நடைமுறைக்கு நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமே கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பேசாமல் இருக்க வேண்டியதில்லை என்பது வரைக்கும் புரிந்தது. மறுநாள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தேன். தமிழிலேயே பேசினார்கள், பதிவெண் தந்தார்கள்.

பதினெட்டு நாள் கழித்து ஜிம்மின் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்தார். குரலில் தேன். "உங்க கன்சர்னைப் புரிஞ்சுக்கிறோம் சார். காம்ப்ளிமென்டரியா மூணு மாசம் எக்ஸ்டென்ஷன் தர்றோம்." சாப்பாடு கெட்டுப்போயிருக்கிறது என்றால் இன்னொரு இலை போடுகிறேன் என்கிறார். பீக் அவரில் வரலாமா என்று கேட்டேன். அது பிளாட்டினத்துக்கு மட்டும்தானாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வழக்குப் போட்டாயா என்று கேட்பீர்கள். போடவில்லை. மூன்று மாதத்துக்கு வந்திருக்க வேண்டியது ஏறக்குறைய பன்னிரண்டாயிரம். காகிதங்களை ஒரு கவரில் போட்டு வைத்தேன், தீபாவளி போனஸ் வந்தது, ஒரு பார்ட்டி ஆர்டர் அவசரம் என்றான், கவர் மேஜை டிராயரில் இன்னும் இருக்கிறது. இரண்டு வருடம் ஆகிவிடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மச்சினன் ஜிம்முக்குச் சொன்னதும் இதே மாதிரிதான், நாளைக்குப் போய்க்கலாம். நான் அவனைக் கிண்டல் செய்வதைக் குறைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 9-ஆம் தேதி அவிநாசி சாலை மேம்பாலத்தை ஜி.டி.நாயுடு பெயரில் திறந்தார்கள். பத்துக் கிலோமீட்டர். வருடக்கணக்கில் நெரிசலில் நின்ற சாலையில் சர்ரென்று போக வழி வந்தது, எனக்குப் போவதற்கு இடம் இல்லாமல் போனது. கடைசியாகச் சாமான்களை எடுக்கப் போன அன்றைக்கு மூன்றாவது லாட் புல்டவுனில் ஒரு பெரியவர் இழுத்துக்கொண்டிருந்தார். 'கிரீச்.' ஒன்பது மாதம்! பேரிங்குக்குள் குண்டு மிச்சமிருந்ததே அதிசயம்.

நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி. அக்டோபர் கடைசியில் மறுபடி ரத்தம் கொடுத்தேன். 5.9. டாக்டர் "எந்த ஜிம்முங்க?" என்று விசாரித்தார். பெயரைச் சொல்லவில்லை, பையனைப் பற்றிச் சொன்னேன்.

அவன் செப்டம்பரிலேயே வேலையை விட்டிருந்தான். டிசம்பரில் போன் வந்தது. துடியலூர் பக்கம் தகரக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்திருக்கிறானாம். மூடிப்போன ஒரு ஜிம்மின் மெஷின்களை எடை போட்டு வாங்கியிருக்கிறான்.

"அண்ணா, புல்லியெல்லாம் தேஞ்சு கெடக்குதுங்ணா. புதுசு கேட்டா ஒண்ணுக்கு எழுநூறு சொல்றாங்க. உங்க பட்டறையில கடைஞ்சு குடுக்க முடியுங்களா?"

"எத்தனை?"

"பதினாலுங்ணா."

நைலான் ராடு வாங்கி, சென்டர் லேத்தில் நானே நின்று கடைந்தேன். ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள், முதலாளி லேத்தில் நின்று ஐந்து வருடமாகியிருந்தது. காடி வெட்டும்போது நைலான் சுருள் சுருளாக வெள்ளையாக வந்து காலைச் சுற்றியது. பேரிங் உட்காரும் துளையை 40 மில்லிக்குத் தலைமுடி அளவு குறைத்துக் கடைந்தேன், பேரிங் இறுக்கமாக உட்காரும். இரும்பென்றால் இவ்வளவு குறைக்கக் கூடாது, நைலான் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஞாயிற்றுக்கிழமை எடுத்துப்போய் இருவரும் மாட்டினோம். கம்பியை இழுத்து விட்டேன். சத்தமே இல்லை. அவன் இன்னொரு தடவை விடச் சொன்னான்.

வேலைக்கும் சரக்குக்கும் சேர்த்து ஒன்றுக்கு 180, மொத்தம் 2,520 ரூபாய் என்று சொன்னேன். தலையைச் சொறிந்தான்.

"அதுக்குப் பதிலா ஒரு வருசம் ஃப்ரீயா வந்துக்குங்ணா. லைஃப் மெம்பர்ஷிப்பாக்கூடப் போட்டுத் தர்றனுங்."

"மெம்பர்ஷிப்பெல்லாம் வேண்டாஞ் சாமி. மாசம் எவ்வளவு?"

"எட்டுநூறுங்ணா."

"மாசாமாசம் தர்றேன். வராத மாசம் தர மாட்டேன். புல்லிக்குப் பணத்தக் குடு."

முதல் மாதத்து 800-ஐக் கழித்துக்கொள்ளச் சொன்னான், கழித்துக்கொண்டேன். பாக்கி 1,720 ரூபாய் இன்னும் வரவில்லை.